நுரைக்கூடு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட அன்று காலையில் ஜஹபர் நிஷாவின் தையல் மிஷின் ஜன்னலோரத்தை இழந்தது. அந்த இடத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, மூலைகளில் மக்கு வைத்து அடைத்து, முத்தியால்பேட்டைப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்த தொட்டி. வெளிச்சம் வேண்டும் என்றார் அவள் புருஷன் அப்துல் கையூம். மீனுக்கு.

"எனக்கு வேணாமா வெளிச்சம்? ஊசியில நூலு கோக்கறது நானா, மீனா?"

"கொஞ்ச நாளைக்கு நிஷா. குஞ்சு பெருசாவுற வரைக்கும்."

"இன்னும் முட்டையே வுடல. அதுக்குள்ள குஞ்சாம்."

சொல்லிக்கொண்டே மிஷினின் ஒரு பக்கத்தை அவளே தூக்கிக் கொடுத்தாள். அடுப்படிக் கதவை ஒட்டி அதைப் போட்டார்கள். அங்கே உட்கார்ந்தால் முதுகில் புகை, முகத்தில் இருட்டு. தீபாவளிக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

கையூம் சைகோனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். மகள் ரமீஜா தவழ்ந்துகொண்டிருந்தபோது கப்பலேறினார். சண்டை, சண்டை என்று வருஷங்கள் போயின. இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அங்கேயும் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். கடைக்கார முதலாளியும் கட்டினார். கையூம் போன வருஷம் ஊர் திரும்பியபோது ரமீஜா தாவணி போடும் வயதுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி, வாயில் துணி கட்டிய இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஜாடிக்கு ஒன்றாக இரண்டு மீன்கள். மதராஸில் இறங்கி ரயிலில் மடிமேல் வைத்துக்கொண்டே வந்திருந்தார். சைகோன் சாமான் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஜாடியைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வந்ததிலிருந்து மனுஷனுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அண்ணன் அப்துல் கஃபாரின் துணிக்கடைக்குப் போவார். ஒரு பீஸை விரிப்பார். பாதி மடித்தபடியே போட்டுவிட்டு இறங்கி நடந்துவிடுவார். வைத்திக்குப்பத்தில் கட்டுமரங்களுக்கு நடுவே நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று மீன்காரி ராஜாம்பாள் வந்து சொல்லுவாள். சோற்றில் கை வைத்தால் பாதியில் எழுந்துவிடுவார். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து, அவர் நடக்கும் சத்தம் நிஷாவுக்குத் தன் மிஷின் சத்தம்போல் பழகிவிட்டது. ரமீஜா அவரை அத்தா என்று கூப்பிட்டதே இல்லை. "அவங்க வெளிய போயிட்டாங்க", "அவங்களுக்குத் தண்ணி வேணுமாம்". அவ்வளவுதான்.

தொட்டிக்கு முன்னால் மட்டும் உட்கார்ந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலில் கையை ஊன்றி, மணிக்கணக்காக.

சண்டை மீன் என்று பேர். ஆணுக்குக் கருநீலம், துடுப்புகள் முந்தானை மாதிரி விரியும். பெண் மங்கல், சின்னது. இரண்டையும் தொட்டியில் விட்டதும் ஆண் தண்ணீர் மேல்மட்டத்துக்கு வந்து காற்றை வாயில் வாங்கி வாங்கிக் குமிழி விட்டது. வேலம்பாசித் தழை ஒன்றின் அடியில் அந்தக் குமிழிகள் ஒட்டி ஒட்டி நுரையாகத் திரண்டன. மறுநாள் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கூடு.

"சோப்புத் தண்ணி கலந்துட்டீங்களா?" என்றாள் நிஷா.

"அது கட்டின வூடு. பாத்துகிட்டே இரு."

பார்க்க நேரமில்லை என்று சொல்லிவிட்டு, கையில் ஒரு ஜாக்கெட் கையுடன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஆண் பெண்ணைச் சுற்றி வளைத்து இறுக்கியது. வெள்ளை வெள்ளையாக ரவை மாதிரி உதிர்ந்தது. ஆண் கீழே பாய்ந்து ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி மேலே கொண்டுபோய் நுரையில் துப்பியது. எல்லாம் முடிந்ததும் பெண்ணைத் துரத்தித் துரத்திக் கடித்தது. கையூம் அவசரமாக வலைத்துணியால் பெண்ணை எடுத்து ஜாடிக்கு மாற்றினார்.

"பெத்தவளத் தொரத்திட்டு அது மட்டும் இருக்குமா?"

"இதுங்க ஜாதி அப்படி. ஆம்பளதான் காவல்."

குஞ்சு பொரிந்த அன்று ராஜாம்பாள் வாசலில் கூடையை இறக்கினாள். மழைக்கு ஓலைப்பாயைத் தலையில் கவிழ்த்திருந்தாள். கூடையில் கொஞ்சம் காரப்பொடி மீன்தான் இருந்தது.

"கடலு குடுக்கல பாய் வூட்டம்மா. அலையப் பாத்தா எங்க வூட்டுக்காரரு பாவாடைக்கே பயம் வந்துட்டுது. இது இன்னாது, கூட்டமா நிக்கிறீங்க?"

"மீன் குஞ்சு பொரிச்சிருக்காம். பாரு."

ராஜாம்பாள் மூக்கு கண்ணாடியில் படக் குனிந்தாள். நுரைக்கு அடியில் கண்ணிமை மயிர் மாதிரி வால் கீழே தொங்கத் தொங்கக் குஞ்சுகள். அவ்வப்போது ஒன்று நழுவி விழும். அப்பன் பாய்ந்து வாயில் கவ்வி மறுபடி நுரையில் ஒட்டும். இன்னொன்று விழும். ஓய்வே இல்லை.

"அட எங்க ஆத்தா! எங்க ஆளு கடல்ல போயி மீன் புடிக்கிறாரு, பாய் வூட்ல வெச்சி மீனுக்குப் பேறு பாக்குறாரு. அப்பன் புள்ள வளக்குறத நான் மீனுலதான் பாக்குறேன்."

நிஷா சிரித்துவிட்டாள். கையூம் சிரிக்கவில்லை.

குஞ்சுகள் வால் தொங்குவதை விட்டுக் குறுக்கே நீந்தப் பழகியதும் அவர் அப்பன் மீனையும் வலைத்துணியில் எடுத்துவிட்டார். இனி அங்கே விட்டால் பசியில் குஞ்சையே தின்றுவிடும் என்றார்.

அதன்பிறகு தீனிப்பாடு. வைக்கோலை வேகவைத்து அந்தத் தண்ணீரை வெயிலில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி பிறக்கும், அதுதான் முதல் தீனி என்றார். வெயில் எங்கே? மேகம் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் அலைந்தார். கிணற்றடித் தொட்டியில் பச்சை படிந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக மொண்டு வந்தார். கடைசியில் முட்டையை அவித்து மஞ்சள் கருவை மல்துணியில் முடிந்து, தண்ணீரில் லேசாகப் பிழிந்தார். மஞ்சள் புகை மாதிரி இறங்கியது. கூடினால் தண்ணீர் கெட்டுவிடும், குறைந்தால் குஞ்சு வாடிவிடும். மல்துணி நிஷாவுடையது. அவர் பிழிந்தது திட்டுத்திட்டாக விழுந்ததைப் பார்த்துவிட்டு, "குடுங்க இப்படி," என்று வாங்கி இரட்டையாக மடித்துக் கொடுத்தாள். மறுநாள் அவளே பிழிந்தாள். குஞ்சுகளின் வயிற்றில் மஞ்சள் புள்ளி தெரிந்ததும் ரமீஜாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ரமீஜா அவர் இல்லாத நேரமாகப் பார்த்து முக்காலியில் உட்காருவாள். ஒரு நாள் அம்மாவிடம் வந்து, "ம்மா, அவங்க மீன்கிட்ட பேசுறாங்க," என்றாள்.

"என்னான்னு?"

"தமிழு இல்ல. மூடிய வெச்சி மேல சாக்கு போடும்போது, 'ஙு தி கொன், ஙு தி கொன்'னு. பாட்டு மாதிரி. மெதுவா."

நிஷாவின் கால் மிஷின் மிதியில் நின்றது. பிறகு ஓடியது.

மறுநாள் கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு துப்பட்டியை இழுத்துவிட்டபடி தெருமுனைக்குப் போனாள். அங்கே சொல்தா ராஜாங்கத்தின் பெட்டிக்கடை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை ஊர் சொல்தா என்றுதான் சொல்லும். ராஜாங்கமும் சைகோன் பக்கம் துப்பாக்கி தூக்கியவர். இப்போது நூல், பித்தான், வத்திப்பெட்டி விற்றார்.

"போஞ்சூர் தங்கச்சி. மழையில நீ ஏன் வந்த? பொண்ண அனுப்பறதுதானே?"

"ஒரு கறுப்பு நூலுக்கண்டு குடுங்கண்ணே." வாங்கிக்கொண்டும் நகரவில்லை. "அண்ணே, அந்த ஊரு பாஷையில 'ஙு தி கொன்'னா என்னா?"

ராஜாங்கம் முகம் மலர்ந்துவிட்டது. "அடேயப்பா, இத எங்க கேட்ட? தூங்குடா கண்ணுன்னு அர்த்தம். 'கொன்'னா புள்ள. அங்க கூடாரத்துக்குப் பக்கத்துக் குடிசைங்கள்ல பொம்பளைங்க புள்ளைய ஏணையில போட்டு இதத்தான் சொல்லிகிட்டே..." அங்கே நிறுத்தினார். நிஷாவின் முகத்தைப் பார்த்தார். பித்தான் டப்பாவை எடுத்து இடம் மாற்றி வைத்தார். "இல்ல தங்கச்சி, அது வந்து, பொதுவா எல்லாரும் சொல்ற வார்த்தைதான். கடைக்கு வர்றவங்க போறவங்க..."

"சரிண்ணே."

"மழ வுடட்டும். கொடை தரேன்."

"வேணாண்ணே. வூடு தோ இருக்கு."

வீடு அருகில்தான் இருந்தது. வந்து சேர நெடுநேரம் ஆனது. வழியில் ஒரு வீட்டுச் சுவரோரம் நின்றுகொண்டாள். கடைக்கு வருகிறவர்களிடம் யாரும் தூங்குடா கண்ணு என்று பேசமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். பாதிச் சோற்றில் எழுந்தது, கடலைப் பார்த்து நின்றது, அந்த நடை, எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்து சேர்ந்தது.

கேட்கக்கூடாது என்று கார்த்திகை பிறக்கும்வரை இருந்தாள். தையல் பிரிந்தது, பிரித்துத் தைத்தாள். ஆணத்தில் உப்புப் போட மறந்தாள், அவர் அதைக் கவனிக்காமல் சாப்பிட்டார். அது இன்னும் எரிந்தது. புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னதாகத் தெரு பேசிக்கொண்ட ஒரு பகலில், கையூம் கிண்ணத்து மஞ்சள் கருவும் மல்துணியுமாகத் தொட்டிமேல் குனிந்திருந்தார். குஞ்சுகள் அரிசி நீளம் வளர்ந்திருந்தன. காற்றை வாயில் வாங்க மேலே வந்து போகப் பழகும் சமயம். இப்போது குளிர்காற்று பட்டால் கூண்டோடு போய்விடும் என்று அவரே சொல்லியிருந்தார்.

"அந்தப் புள்ளைக்கு இப்ப என்னா வயசு?" என்றாள் நிஷா. குரல் எழும்பவே இல்லை.

கிண்ணம் அவர் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. மஞ்சள் முழுக்கக் கரைந்து பரவியது. அவர் அதை எடுக்கவில்லை.

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. மீன்கிட்ட."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "நிக்காஹ் பண்ணித்தான் நிஷா. ஊருக்கு வரமுடியாத சண்டை. வருவமான்னே தெரியாது. அவ பேரு லான். மார்க்கெட்டுல இந்த மீனு விக்கிறவ. பையன் பொறந்த மறுவருஷம் காய்ச்சல்ல போயிட்டா. அவளோட சின்னம்மாகிட்ட பையன வுட்டுட்டுக் கப்பலேறினேன்."

"ஏன் வுட்டீங்க?"

"உங்கிட்ட எப்படிக் கொண்டாருவேன்? என்னான்னு சொல்லி வாசப்படி ஏறுவேன்?"

"மீனத் தூக்கிட்டு வரத் தெரிஞ்சிச்சில்ல?"

அவர் எழுந்தார். செருப்பைக்கூடப் போடாமல் மழையில் இறங்கிப் போனார். ரமீஜா அடுப்படிக் கதவோரம் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

அன்று அவர் திரும்பவில்லை. காற்று கூரை ஓடுகளைப் பெயர்த்து, தென்னையைப் பிடித்து உலுக்கி, ஜன்னல் கதவை அடித்தது. விடிந்தபோது கூடம் முழுக்க ஈரம். தொட்டியின் மூடி பாதி திறந்தே கிடந்தது. தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்து நாறியது.

"ம்மா! செத்து மெதக்குது ம்மா!"

"சாவட்டும்."

"உசுரோட இருக்கறதும் மேல வந்து வாயத் தொறக்குது."

"அவரு வளத்தது அவரோட போவட்டும். நீ வந்து கஞ்சியக் குடி."

ரமீஜா அசையவில்லை. கரண்டியால் ஒவ்வொரு குஞ்சாக மொண்டு ஒரு டம்ளரில் விட ஆரம்பித்தாள். அவசரத்தில் பாதி தரையில் சிந்தியது. தரையில் சிந்தியதை விரல் நுனியால் ஒட்டி எடுக்கப் பார்த்து, முடியாமல் அழுதாள். "இதுங்க என்னா பண்ணிச்சி ம்மா, பாவம்?"

நிஷா பாதி தைத்த துணியை மிஷினில் அப்படியே விட்டாள். எழுந்து முந்தானையைச் செருகினாள்.

"கரண்டியால முடியாது. கொல்லையில கெடக்கிற ரப்பர் குழாயக் கொண்டா."

குழாயின் ஒரு முனையில் மல்துணியை இரட்டையாக வைத்து நூலால் இறுக்கிக் கட்டினாள், குஞ்சு உள்ளே போகாதபடி. அதைத் தொட்டிக்குள் விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினாள். கெட்ட தண்ணீர் நேராக வாய்க்குள் வந்தது. துப்பினாள். வாளியில் விட்டாள். அடியில் படிந்த மஞ்சள் சேற்றையெல்லாம் குழாய் இழுத்தது. ஜன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணிக்கச் சொன்னாள். கிணற்றுத் தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்திருந்தது. ஈர விறகை ஊதி ஊதி அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டு, கிணற்றுத் தண்ணீரில் கலந்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். கைக்குழந்தைக்குக் குளிப்பாட்டத் தண்ணீர் பார்ப்பது மாதிரி. ரமீஜா கிண்ணம் கிண்ணமாகச் சுவரோரம் வழியவிட்டாள். பாதி ஊற்றியதும் காத்திருந்து, மறுபடி இறைத்து, மறுபடி ஊற்றினார்கள். மூடியைப் பொருத்தி, மேலே போர்வையைப் போட்டு, வெந்நீர்ச் செம்பைத் தொட்டியின் பக்கத்தில் அணைத்து வைத்தார்கள். செம்பு ஆற ஆற மாற்றினார்கள். அன்று வீட்டில் உலை ஏறவில்லை.

இடையிடையே நிஷா வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள். மழை விட்டதா என்று பார்க்கிறேன் என்றாள். ரமீஜா கேட்கவே இல்லை.

பொழுது சாயும் முன்பு ராஜாம்பாள் குரல் கேட்டது. "பாய் வூட்டம்மா! உங்க ஆளக் கொண்டாந்திருக்கேன், எடுத்துக்கோ!"

பின்னால் கையூம் சேறும் உப்புமாக நின்றார். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன.

"கரையில வந்து குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு. அலை பனமரம் ஒசரம் வருது. எங்க ஆளு பாவாடைதான் பாய் கையப் புடிச்சி இழுத்து, நிக்கறதுதான் நிக்கற, கயித்தப் புடி பாய்னு புடிக்க வெச்சிட்டாரு. விடிய விடிய படகு இழுத்தாரு. அப்பால எங்க வூட்ல கெடந்து தூங்கினாரு. என்னா சண்டையோ எனக்குத் தெரியாது. சோறு போட்டு அப்பால திட்டு."

அவள் போன பிறகு கையூம் கூடத்தில் ஏறவில்லை. வாசற்படியிலேயே நின்றார். போர்வை மூடிய தொட்டியைப் பார்த்தார்.

"எல்லாம் போயிடுச்சா?"

"கொஞ்சம் செத்துச்சு. கொஞ்சம் இருக்கு." நிஷா வாளித் தண்ணீரை அவர் காலடியில் வைத்தாள். "காலக் கழுவுங்க."

கழுவினார். உள்ளே வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை அவர் எழுந்து நடக்கவில்லை, அயர்ச்சியில். ரமீஜா சூடான ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தச் சின்னம்மா நல்லா பாத்துக்குவாளா?" என்று நிஷா கேட்டாள்.

"வயசானவ. அவளுக்கப்புறம் யாருமில்ல."

"போயிக் கூட்டிட்டு வாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கோவத்துல சொல்றியா?"

"கோவம்தான். கோவம் இப்ப போவாது. எனக்கே தெரியாது எப்பப் போவும்னு. ஒம்போது வருஷம் இந்தப் பொண்ணு, அத்தா எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுக் கேட்டு, அப்பால கேக்கறத வுட்டுட்டா. அங்க ஒண்ணு கேட்டுகிட்டு இருக்கும்."

"நான் போனா திரும்பி வருவேன்னு உனக்கு நம்பிக்க இருக்கா?"

"இல்ல."

"பின்ன ஏன் போவச் சொல்ற?"

"அங்க ஒரு புள்ள இருக்கே."

ரமீஜா தட்டை எடுக்கக் குனிந்தாள். "தம்பி பேரு என்னா அத்தா?" என்றாள்.

கையூம் மகளைப் பார்த்தார். ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கைகளுக்குள்ளிருந்தே, "யூசுப்," என்றார்.

தை பிறந்ததும் அவர் மதராஸுக்கு ரயிலேறினார். அண்ணன் கஃபாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. தெருவில் ஒரு மாதம் வாய்க்கு வாய் இதே பேச்சு. தைக்கக் கொடுக்க வந்தவர்கள் துணியை நீட்டிக்கொண்டே துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார்கள். நிஷா அளவு மட்டும் கேட்டாள். தப்பிய குஞ்சுகள் வளர்ந்து நிறம் கட்டின. ஆண்கள் ஒன்றையொன்று குதறத் தொடங்கியதால் ரமீஜா ஆளுக்கொரு ஜாடியாகப் பிரித்தாள். ஜாடி போதாமல் ராஜாங்கம் கடையிலிருந்து மிட்டாய் ஜாடிகள் வந்தன. தொட்டி தேவையில்லாமல் போனபோது மிஷின் ஜன்னலுக்குத் திரும்பியது. வெளிச்சத்தில் உட்கார்ந்தும் நிஷாவுக்குத் தையல் கோணியது. தெருவில் ரிக்‌ஷா மணி கேட்டால் கால் மிதியில் நின்றுவிடும். இப்போது கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தவள் அவள். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. வரமாட்டார் என்று அவள் தனக்குள் முடிவுகட்டிக்கொண்டாள். முடிவுகட்டிய பிறகும் நடந்தாள்.

சித்திரை வெயில் தெருத் தாரை உருக்கிக்கொண்டிருந்த ஒரு மதியம் ரிக்‌ஷா வாசலிலேயே நின்றது. கையூம் இறங்கினார். இன்னும் மெலிந்திருந்தார். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் இறங்கினான். நாலு வயது சொல்லலாம். சின்னக் கண்கள், நெற்றியில் ஒட்டிய முடி. முழங்கால் தாண்டித் தொங்கும் யாருடையதோ பெரிய சட்டை. கப்பலில் வாந்தி எடுத்த கறை அதில் இன்னும் இருந்தது.

நிஷா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தக் கணத்துக்கென்று எத்தனையோ பேச்சைச் சேர்த்து வைத்திருந்தாள். புருஷனைத் தாண்டிப் பையனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான்.

"சட்டை நாறுது," என்றாள். "மாத்துத் துணி இருக்கா?"

"இல்ல."

"உள்ள வரச் சொல்லுங்க. ஒண்ணு வெட்டித் தரேன்."

கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவி அவன் முன்னால் குந்தினாள். முதுகை அளந்தாள், தோளை அளந்தாள். கட்டைமாதிரி நின்றான். மார்பளவு எடுக்க விடாமல் அவன் கை இரண்டும் உடம்போடு ஒட்டிக் கிடந்தன.

"கையத் தூக்கு," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. நிஷா தன் கைகளைத் தூக்கிக் காட்டினாள்.

பையன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு இரண்டு கையையும் அவளை நோக்கி நீட்டி உயர்த்தினான், தூக்கிக்கொள்ளச் சொல்லும் பிள்ளைகள் உயர்த்துவது மாதிரி. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

நிஷா நாடாவும் கையுமாக இருந்தாள். பின்னால் ரமீஜா மூச்சுவிடும் சத்தம் கேட்டது. வாசலில் ரிக்‌ஷாக்காரன் ஏதோ கேட்டான். பையனுடைய கை வலித்துத் தாழ ஆரம்பித்தது.

தாழ விடாமல் நாடாவைக் கீழே போட்டுவிட்டு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கனமே இல்லையே," என்றாள், யாரிடமோ சண்டை பிடிக்கிற குரலில். "ரமீஜா, சோத்தப் போடு."